மலைப்பாதைக்கு ஏற்ற வாள் எது?

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நம் முன்னோர் மொழி. அது வல்லமையைப் புகழ எழுந்த மொழியேயன்றி, ஆயுதத்தை இகழ எழுந்ததன்று. பாதையின் குறுக்கே ஒரு சவுக்கு மரம் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொட்டைக் கத்தியுடன் அதன்முன் நிற்கும் வல்லவன் அரை நாளை இழப்பான், விரலையும் இழக்கக்கூடும். ஏற்ற வாளுடன் வரும் சாதாரண மனிதர் இருவரோ, ஆளுக்கு ஒரு புறம் நின்று அறுத்துத் தள்ளிவிட்டுத் தேநீருக்கு முன்னரே வீடு திரும்புவர்.

பட்டணவாசிகளுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். அங்கே வீதியில் மரம் விழுந்தால் அதனை அகற்ற ஆட்களும் லொறியும் வருவது வழக்கம். மலைநாட்டுத் தோட்டங்களின் நிலை அதுவன்று. லயத்திலிருந்து பாடசாலைக்கும், கொழுந்து எடுக்கும் மலைக்கும், கடைக்கும், வைத்தியசாலைக்குப் போகும் பெரிய வீதிக்கும் இட்டுச் செல்வது பெரும்பாலும் ஓர் ஒற்றையடிப் பாதையே. அது அடைபட்டால், முதுகில் கூடை சுமந்த பெண்மணி மலையைச் சுற்றி நடக்கிறாள். பிள்ளை பாடசாலைக்குப் பிந்துகிறது. நோயாளியைச் சுமந்து வருவோர் இருட்டில் முட்புதருக்குள் வழி தேடுகின்றனர். ஆகவே, பாதை துலக்கும் கருவிகளைப் பற்றிச் சிறிது ஆராய்வது நம் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

தெமோதரைப் பாதைகள்

ஊவா மாகாணத்திலே பதுளைக்கும் எல்லவுக்கும் இடையில் அமைந்தது தெமோதரை. இவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது அங்குள்ள புகையிரத வளைவுதான். எல்லவிலிருந்து இறங்கி வரும் புகையிரதம் தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைந்து பதுளையை நோக்கிச் செல்லும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921-ஆம் ஆண்டிலும், பதுளை வரையிலான பாதை 1924-ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின.

இருப்புப் பாதை வருமுன்னரே இம்மலைகளில் நடைபாதைகள் இருந்தன. காடு திருத்திக் கோப்பி நட்ட காலத்திலும், பின்னர் தேயிலை தழைத்த காலத்திலும், கூடைச் சுமையும் மாட்டு வண்டியும் சென்ற தடங்கள் அவை. அவற்றை வெட்டியவர்களும், ஆண்டாண்டாகச் செப்பனிட்டவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளரே. அத்தடங்களுள் பலவற்றை ஒன்றாய் இணைத்து, ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவியுடன் அண்மை ஆண்டுகளில் 'பீக்கோ' நெடும்பாதை அமைக்கப்பட்டது. கண்டியருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. எல்ல, தெமோதரை, ஹாலி-எல ஆகிய இடங்களையும் தொட்டுச் செல்வது. உல்லாசப் பிரயாணிகள் இதில் நடப்பதற்காகவே கடல் கடந்து வருகின்றனர். கூடை சுமந்தோர் நடந்த வழி இன்று உலகத்தார் நடக்கும் வழியாயிற்று. ஆனால் எந்தப் பாதையும் படம் வரைந்தவுடன் நிலைத்துவிடாது. ஒரு மழைக்காலம் கவனியாது விட்டால் காடு அதனை விழுங்கிவிடும்.

எது பாதையை அடைக்கிறது?

கருவியைத் தெரிவு செய்யுமுன் எதிரியை அறிதல் வேண்டும். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று பலமாக வீசும். சவுக்கு மரத்தின் கிளைகள் எளிதில் முறிவன. ஆதலால் அக்காலத்தில் நிழல் மரக் கிளைகள் பாதையில் விழுகின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை பெருமழை. அப்போது மண் நெகிழ்ந்து மரங்கள் வேரோடு சாய்கின்றன. மழை ஓய்ந்ததும் மானாப்புல்லும் கினிப்புல்லும் ஆளுயரம் எழும்புகின்றன. முட்கொடிகள் இரு கரையிலிருந்தும் கைகோத்துக்கொள்கின்றன. ஆக, புல், கொடி, கிளை, அடிமரம், மண் என ஐவகைத் தடைகள் உள. இவ்வைந்தையும் நீக்கவல்ல ஒரே கருவி எக்கடையிலும் இல்லை. இதனை மனத்தில் இருத்தினாலே வீண்செலவு பாதி குறையும்.

கத்தியின் எல்லை

புல்லுக்கும் கொடிக்கும் நம் தோட்டங்களில் வழங்கும் காட்டுக்கத்தியே போதும். அதனை வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கத்தியின் இரும்பு பிடியின் முழு நீளத்திற்கும் சென்று, ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்பது. பாதி வரையே செருகிய கத்தி, ஓங்கும்போது கழன்று பறக்கக்கூடும். இரண்டாவது, அலகின் பதம். லொறியின் வில்லுத்தகட்டை அடித்துச் செய்த பட்டறைக் கத்திகள் பல, பளபளக்கும் கடைக்கத்திகளை விட நெடுநாள் கூர் தாங்கும். அலகைச் சுண்டிப் பாருங்கள். தெளிந்த ஓசை எழுந்தால் நன்று. ஓசை மழுங்கினால் கீறலோ வெடிப்போ உண்டா என்று உற்று நோக்குங்கள். மூன்றாவது, எடை. வாங்குபவரின் கைக்கு அன்றி, நாள்தோறும் அதனைப் பிடிக்கப் போகின்றவரின் கைக்கு அது பொருந்த வேண்டும்.

கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடிக்கென்று அமைந்தது. அதன் மெல்லிய கருக்கு ஒரே வீச்சில் தேயிலைத் தண்டைச் சீராகக் கொய்யும். அதனைக் கொண்டு விறகும் மூங்கிலும் வெட்டினால் கருக்கு நெளிந்துவிடும். மறுநாள் கவ்வாத்து மலையில் செடியின் தண்டு பிளந்து நாசமாகும். ஒருவரின் தொழிற்கருவியைப் பாதை வேலைக்கு இரவல் கேட்பது நன்றன்று.

ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தடித்த கிளைக்குக் கத்தி ஏற்றதன்று என்பது நம் கருத்து. சரிவான நிலத்தில் கத்தியை ஓங்குபவனுக்குக் கால் வழுக்கும். அலகு கிளையில் பட்டுத் திரும்பி முழங்காலை நாடும். வாளுக்கு வீச்சு இல்லை. அது மரத்தோடு ஒட்டியே நின்று அறுப்பது. மலைச்சரிவிலும், நெருங்கிய புதருக்குள்ளும், பலர் கூடி வேலை செய்யும் இடத்திலும் வாளே கத்தியினும் கோடரியினும் பாதுகாப்பானது.

மூவகை வாள்

தமிழகத்தார் ரம்பம் என்பதை நம் நாட்டார் வாள் என்பர். பாதை வேலைக்கு உதவுவன மூவகை.

மடக்கு வாள் முதலாவது. அலகு பிடிக்குள் மடங்கிக்கொள்வதால் பாடசாலைப் பையிலும் அடங்கும். 7 முதல் 10 அங்குலம் வரையில் அலகு கிடைக்கும். இவ்வகையிற் பல, இழுக்கும்போது மட்டுமே அறுப்பன. தள்ளும்போது அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து முறியும். வாங்கும்போது அலகைத் திறந்து, பூட்டு அசைகிறதா என்று பார்த்தல் அவசியம். வேலையின் நடுவே மடங்கிக்கொள்ளும் வாள் விரலுக்குப் பகை.

வில்வாள் இரண்டாவது. வளைந்த குழாய்ச் சட்டத்தில் மெல்லிய அலகை இழுத்துப் பூட்டியது இது. 21, 24, 30 அங்குல அளவுகளில் கிடைக்கும். விலை மலிவு, எடை குறைவு, அலகு தேய்ந்தால் அலகை மட்டும் மாற்றலாம். ஆனால் சட்டம் மரத்தில் இடிக்கும் ஆழம் வரையே இது இறங்கும். 24 அங்குல வில்வாள் ஆறங்குலக் கிளைக்கு நன்று. அதற்கு மேல் சிரமம் தொடங்கும்.

இருவர் இழுக்கும் நீள்வாள் மூன்றாவது. ஐந்தடி, ஆறடி நீளமுள்ள இவ்வாள் பெரிய அடிமரத்தையும் அறுக்கும். இதற்கு வேண்டியது பலமன்று, இசைவு. இருவரும் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளலாகாது. கையைத் தளர்த்தி அதன் போக்கில் விட வேண்டும். தள்ளினால் அலகு நெளியும். கூட்டாளிக்கும் வேலை இரட்டிக்கும்.

எவ்வாளை எடுத்தாலும் ஒரு விதியை மறவாதீர்கள்: மரத்தின் தடிப்பு அலகின் நீளத்தில் பாதியைத் தாண்டலாகாது. காரணம் எளிது. ஒவ்வொரு பல்லும் தான் சீவிய தூளைச் சுமந்துகொண்டு மரத்திலிருந்து வெளியே வந்தாற்றான் தூள் கீழே கொட்டும். எட்டங்குல வாளால் ஆறங்குல மரத்தை அறுத்தால், கை அசைய இரண்டங்குலமே மிஞ்சும். நடுவிலுள்ள பற்கள் வெளியே வருவதில்லை. தூள் இடுக்கில் அடைந்து வாள் சிக்குகிறது. அப்போது நாம் வாளைக் குறை கூறுகிறோம். குறை வாளிலன்று, அளவிலே.

பல்லைப் பார்த்து வாங்குக

வாளின் விலை அதன் நிறத்திலன்று, பல்லில் இருக்கிறது. ஒரு வாளின் பற்களை உற்றுப் பார்த்தால், அவை ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சிறிது சாய்ந்திருப்பதைக் காணலாம். அச்சாய்வினால்தான் அறுத்த இடுக்கு அலகை விட அகலமாகி, வாள் சிக்காமல் ஓடுகிறது. சில வாள்களில் பல கூரிய பற்களுக்கு இடையிடையே குட்டையான, தட்டையான பல் ஒன்று இருக்கும். கூரிய பற்கள் மர நாரை இருபுறமும் வெட்ட, தட்டைப் பல் வெட்டிய நாரை வாரி வெளியே தள்ளுகிறது. ஈரமுள்ள பச்சை மரத்துக்கு இவ்வகையே ஏற்றது. காய்ந்த விறகுக்குத் தட்டைப் பல்லில்லாத, நெருங்கிய பல் வரிசை போதும். வில்வாளுக்கு இருவகை அலகும் தனித்தனியே விற்கப்படுகின்றன. மழையில் புதிதாக விழுந்த மரத்துக்குப் பச்சை மர அலகையே கேட்டு வாங்குங்கள்.

பல்லின் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால், அது சூடேற்றி மிகக் கடினமாக்கப்பட்ட பல். நெடுநாள் கூர் தாங்கும்; ஆனால் அரம் அதன்மேல் ஏறாது. தேய்ந்தால் புதிய அலகே வழி. நிறம் மாறாத பல்லை அரத்தால் தீட்டிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். கடை தொலைவிலுள்ள தோட்டத்தார் இவ்வேறுபாட்டை அறிந்தே வாங்குதல் நலம்.

டர்பன்டைன் மரத்தின் பிசின் வாளில் ஒட்டி அதனை மந்தமாக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, சிறிது எண்ணெய் பூசி வைத்தால் துருவும் அணுகாது.

மரம் எங்கே நெருக்குகிறது?

நல்ல வாள் இருந்தும் அறுக்கத் தெரியாதார் பலர். ஆப்பிழுத்த குரங்கின் கதையை நம் பிள்ளைகள் அறிவர். விழுந்த மரத்தினுள்ளும் அத்தகைய நெருக்குதல் மறைந்திருக்கிறது. இரு கரையிலும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் மரத்துக்கு மேற்புறம் நெருங்கியும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். அதனை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் இடுக்கு மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுத்தல் வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் மரத்துக்கு இதன் மறுதலை: முதலில் கீழே, பின்னர் மேலே. இடுக்கு போதிய ஆழம் கண்டதும் சிறு மர ஆப்பு ஒன்றை மேலே செருகினால் வாள் பிழைக்கும்.

அறுப்பவர் எப்போதும் மேட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். துண்டான மரம் பள்ளத்தை நோக்கியே உருளும். கீழே வேறொரு பாதையோ லயமோ இருக்குமாயின், முதலில் கயிற்றால் மரத்தைக் கட்டி, ஓர் ஆளையும் கீழே தொலைவில் காவல் நிறுத்திய பின்னரே அறுக்கத் தொடங்கலாம். வில்லைப் போல் வளைந்து கிடக்கும் இளமரத்தை ஒரே வெட்டில் துண்டித்தால் அது சீறி எழுந்து முகத்தில் அறையும். உள்வளைவில் சிறிது சிறிதாக அறுத்து அதன் விசையைத் தணித்தல் வேண்டும். கொடியையும் செடியையும் தரையோடு ஒட்டி அறுங்கள். சாய்வாக வெட்டி விட்ட கட்டை ஈட்டியாகி நிற்கும். செருப்பில்லாத குழந்தையின் பாதத்துக்கு அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீரே பெரும் பகை

மரத்தை அகற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. பாதையை அழிப்பதில் மரத்தினும் வலியது நீர். பாதை ஓடையாகிவிட்டால் ஒரே மழையில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிடும். ஆதலால் மண்வெட்டியும் அலவாங்கும் வாளோடு சேர்ந்தே புறப்பட வேண்டும். பாதையை ஒட்டிய கானில் அடைந்த இலையையும் மண்ணையும் வாருங்கள். சரிவான இடங்களில் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரத்துண்டோ பதித்து, நீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள். அறுத்த மரத்தின் நல்ல துண்டு இதற்கே பயன்படும். சுரண்டியைப் பாதையின் நடுவே மட்டும் பயன்படுத்தலாம். கரையிலுள்ள புல்லை வேரோடு சுரண்டினால் மண்ணைப் பிடித்து நிற்பது எதுவுமில்லை.

அமெரிக்க நாட்டிலே 1964-ஆம் ஆண்டில் காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி ஒதுக்கப்பட்ட வனங்களில் இயந்திரக் கருவிகளைப் பயன்படுத்துதல் பொதுவாகத் தடுக்கப்பட்டது. இயந்திர வாள் ஓயாது இரையும் அந்நாட்டில், இன்றும் இருவர் இழுக்கும் வாளால் பாதை திறக்கும் கலை அழியாதிருப்பதற்கு இது முக்கிய காரணம். அங்கே பாதை வேலைக்குப் பெயர் பெற்ற கருவிகள் இரண்டு. ஒன்று, கோடரியையும் கொத்தையும் ஒரே தலையில் சேர்த்த 'புலாஸ்கி'. 1910-ஆம் ஆண்டின் பெருங் காட்டுத்தீயில் தம் ஆட்களைச் சுரங்கத்துள் அழைத்துச் சென்று பலரைக் காத்த வனக்காவலர் எட்வர்ட் புலாஸ்கியின் பெயரால் அது வழங்குகிறது. மற்றொன்று, வாரியையும் மண்வெட்டியையும் இணைத்த 'மக்லியொட்'. அதுவும் அதனை ஆக்கிய வனக்காவலரின் பெயரே. இவற்றை விலை கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் தோட்டத்து முள்ளும் மண்வெட்டியும் அலவாங்கும் சேர்ந்தால் அதே வேலையைச் செய்யும். நாம் கற்க வேண்டியது வேறு: தொழிலாளி தன் அநுபவத்தில் கண்ட கருவியை அந்நாட்டார் அவன் பெயராலேயே போற்றுகின்றனர். நம் தொழிலாளரின் கைத்திறனுக்கும் அம்மதிப்பு உரியதன்றோ?

தொடக்கூடாதவை

'இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது' என்பர். புதிய வாள் வாங்கிய உற்சாகத்தில் கண்ட மரத்தையெல்லாம் அறுக்கப் புறப்படுதல் தகாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அநுமதியின்றி வெட்டுவதை 1951-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. தோட்டத்து நிழல் மரமும், அரசாங்கக் காட்டு மரமும் உரியவர் அநுமதியின்றித் தொடற்பாலன அல்ல. விழுந்தது வேறு, நிற்பது வேறு.

கிளையில் வாளை வைக்குமுன் அண்ணாந்து பாருங்கள். மலைநாட்டிலே குளவி கொட்டி மாண்டவர் உண்டு. கூடு கண்டால் அன்று வேலையில்லை. ஓசையின்றித் திரும்புவதே அறிவு. மின்கம்பி மீது சாய்ந்த மரத்தை மின்சாரப் பணியாளர் வந்து சொல்லும் வரை நெருங்கலாகாது.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் மண்சரிவு. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-இல் இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின் பெருமழையிலும் பதுளை உட்பட மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்து உயிர்கள் பல மாண்டன. சரிவில் வந்த மரம் தனியே கிடப்பதில்லை. அது மேலேயுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதனை அறுப்பது மலையின் கதவைத் திறப்பதாகும். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாய்ந்து நிற்கும் மரவரிசை ஆகியவற்றைக் கண்டால் வாளை மடக்கி, ஊராரை அகற்றி, அதிகாரிகளுக்கு அறிவிப்பதே கடமை.

ஒரு லயத்துக்கு என்ன வேண்டும்?

ஒவ்வொரு வீட்டாரும் எல்லாக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. ஒரு லயத்தார் கூடிச் சேர்த்து வைக்கலாம்: நல்ல காட்டுக்கத்தி இரண்டு, மடக்கு வாள் இரண்டு, 24 அங்குல வில்வாள் ஒன்று, அதற்கு மாற்று அலகு இரண்டு, மர ஆப்புகள், மண்வெட்டி, அலவாங்கு, அரம், சாணைக்கல், பலமான கயிறு, தடித்த கையுறை, முதலுதவிப் பெட்டி. இவையாவும் ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். நள்ளிரவில் ஒரு தாயைப் பிரசவத்துக்குத் தூக்கிச் செல்லும்போது, வாள் யார் வீட்டில் என்று தேடும் நிலை வரலாகாது. நீள்வாளை நாம் இப்பட்டியலில் சேர்க்கவில்லை. அதனைத் தீட்டவும் இழுக்கவும் அறிந்த முதியவர் அருகிலிருந்தால் மட்டும் சேருங்கள். அவரிடம் இளைஞர் இருவர் கற்றுக்கொள்ளட்டும்.

நாள் குறிப்பதும் முக்கியம். மழை ஓய்ந்த மாசி, பங்குனியில் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறையும் பாதையைத் துலக்கினால் பெருவேலை நேராது. முதல் முறை புல்லும் மரமும். இரண்டாம் முறை கானும் மண்ணும். பெரியோர் அறுக்க, மாணவர் சுள்ளி பொறுக்கவும், கானில் இலை வாரவும், நீர் தேங்கும் இடங்களைக் குறித்துப் படம் வரையவும் செய்யலாம். வாள் பிடிக்கும் வயது வருமுன்னரே பாதையின் இயல்பை அவர்கள் அறிந்துகொள்வர்.

பாதையால் வருவாய் வரும் காலம் இது. நெடும்பாதையில் நடக்கும் விருந்தினர் தரும் பணத்தில், அதனைத் திறந்து வைப்போர்க்கும் நியாயமான கூலி சேர வேண்டும் என்று கேட்பது தவறாகாது. அக்கேள்விக்கு வலுவூட்டுவது திறமை. மரத்தின் நெருக்குதலை அறிந்து, ஏற்ற வாளைத் தெரிந்து, நீரைத் திருப்பத் தெரிந்தவரைக் 'கூலியாள்' என்று எவரும் அலட்சியமாய் அழைக்க முடியாது, அவர் கைவினைஞர். நல்ல வாள் ஒன்றை வாங்குங்கள். அதனைக் கூராய் வைத்திருங்கள். பிள்ளைகளுக்கு அதன் முறையைச் சொல்லிக் கொடுங்கள். தெமோதரையின் மலைகளிலே நம் முன்னோர் வெட்டிய வழி நம் காலத்தில் மூடிப்போகாதிருக்கட்டும்.